எழுநூறு ஒட்டு, நாலு நெல்: அறிவியல் நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்குச் சில யோசனைகள்

முதலில் அந்த வெடிச்சத்தத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வெடித்திருக்கும். நீலப்புகை கிளம்பியிருக்கும். தலை கலைந்த பேராசிரியர் ஒருவர் "நான் நினைத்தது நடந்துவிட்டது!" என்று கத்தியிருப்பார். எனக்கு எப்படித் தெரியும் என்றால் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் நாற்பதாம் பக்கத்தில் படுத்துக்கொண்டவன் என்கிற தகுதியில்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நாவலை எழுதி முடித்தவர்களுக்கு வழிகாட்ட நேரம் ஏது?

நாம் எழுதப்போகிற நாவலில் எதுவும் வெடிக்காது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்று வரப்போகிறது என்று உலகம் காத்திருக்கும். கண்டுபிடித்தும் விடுவார்கள். அப்புறம் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கதை அதுதான். இதில் நாவல் எங்கே இருக்கிறது என்று கேட்கிற பதிப்பாளரிடம், போலந்துக்காரர் ஸ்தனிஸ்லாவ் லெம் பெயரைச் சொல்லுங்கள். 1968-ல் அவர் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' என்று வந்த நாவல் இப்படிப்பட்டதுதான். கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்வெளியிலிருந்து ஒரு செய்தி வருகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் ஊர்ப்பட்ட விஞ்ஞானிகளைக் கூட்டிவைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். கடைசிவரை அது என்னவென்றே யாருக்கும் விளங்குவதில்லை. பதிப்பாளர் லெம் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். ஆனாலும் தலையாட்டுவார்.

தமிழில் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. ஸ்ரீரங்கத்தில் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். அதில் ஜீனோ என்கிற இயந்திர நாய் வந்தது, நெல் வரவில்லை. அதே காவிரி இன்னும் கொஞ்சம் கிழக்கே இறங்கித் தஞ்சாவூர் எல்லைக்குள் வந்ததும் நம் எழுத்து காபி, கச்சேரி, திண்ணை, படித்துறை என்று வேறு திசைக்குப் போய்விடும். போகட்டும், நானும் அதையெல்லாம் படித்து உருகியவன்தான். ஆனால் அந்தப் படித்துறைக்கு நாலு கிலோமீட்டரில் ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணை இருந்திருக்கும், அதில் யாரோ ஒருவர் கையில் இடுக்கியோடு குனிந்துகொண்டிருந்திருப்பார். அவரை யாரும் கதைக்குள் கூப்பிடவில்லை.

ஏமாற்றத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கடையில் மூன்று ரகம் கிடைக்கும். ஒன்று மோசடி. 1996-ல் மூலிகையிலிருந்து பெட்ரோல் என்று ஒன்று கிளம்பி, தமிழ்நாடே வாய்பிளந்து, கடைசியில் கோர்ட்டுக்குப் போனது நினைவிருக்கும். அது போலீஸ் கதை எழுதுகிறவர்கள் பங்கு, நாம் கைவைக்கக் கூடாது. இரண்டாவது பிசகு. 1960-களில் சோவியத் நாட்டில் மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் புதுவகைத் தண்ணீர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பாலிவாட்டர் என்று பெயர் வைத்து, உலகமெங்கும் ஆராய்ந்து, கட்டுரை மேல் கட்டுரை எழுதி, கடைசியில் அது அழுக்கு கலந்த சாதாரணத் தண்ணீர் என்று முடிந்தது. சிறுகதைக்குத் தாங்கும், நாவலுக்குத் தாங்காது.

மூன்றாவது ரகம்தான் உங்களுக்கு. ஆள் யோக்கியர். கணக்கு சரி. கண்டுபிடிப்பும் உண்மை. ஆனாலும் களத்துமேட்டில் நிற்கிற பெரியவர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ம்" என்கிறார். அந்த "ம்"-ஐ இருநூற்றைம்பது பக்கத்துக்கு நீட்டத் தெரிந்தவர் அறிவியல் நாவலாசிரியர்.

இதற்குக் கற்பனை செய்து கஷ்டப்பட வேண்டாம். நடந்த கதையே இருக்கிறது. 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு, 1946-ல் ஒடிசாவின் கட்டக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்குகிறார்கள். முதல் இயக்குநர் கே. ராமையா. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பழுத்தவர். 1950-களின் தொடக்கத்தில், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு துணையோடு அங்கே ஒரு பெரிய திட்டம் ஆரம்பமாகிறது. யோசனையைக் கேட்டால் நம் ஊர்த் தரகர்கூட ஒப்புக்கொள்வார். நம் நாட்டு இண்டிகா நெல் உயரமானது, ருசியானது, வெயில் தாங்கும். ஆனால் உரம் போட்டால் சந்தோஷத்தில் வளர்ந்து வளர்ந்து, மணி முற்றுவதற்குள் படுத்துவிடும். ஜப்பான் பக்கத்து ஜப்பானிகா நெல் குட்டை, உரத்தைத் தின்றுவிட்டு விறைப்பாக நிற்கும். ஆனால் நம் வெக்கைக்கு ஒத்துவராது, சோறும் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் கல்யாணம் பண்ணிவைத்தால்? ஆசியாவின் பல நாடுகள் தங்கள் ஊர் நெல்லை அனுப்பின. ஜாதகம் எல்லாம் பொருந்தியிருந்தது.

700-க்கும் மேற்பட்ட ஒட்டுகள் போட்டார்கள். விவசாயி கைக்கு உருப்படியாக வந்து சேர்ந்தவை நாலு ரகம். மலேசியாவில் மாசூரி, மாலிஞ்சா என்று இரண்டு; ஆஸ்திரேலியாவில் சிர்க்னா என்று ஒன்று; தஞ்சாவூர் ஜில்லாவின் ஆடுதுறையில் ஒன்று. இந்த எண்ணிக்கையை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடாதீர்கள். இருநூறாம் பக்கம்வரை மடியில் கட்டிவைத்திருங்கள்.

கதாநாயகன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1954-ல் இந்தத் திட்டத்தில் வேலை பார்க்கக் கட்டக்குக்குப் போனார். சில மாதங்களில் டெல்லிக்குப் போய்விட்டார். பின்னால் நாடே அறிந்த விஞ்ஞானியாகப்போகிறவர் இப்படி ஒரு அத்தியாயத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதை எடிட்டர் நம்பமாட்டார், "இவரை ஏன் ஹீரோவாக்கவில்லை?" என்று கேட்பார். ஆக்காதீர்கள். ஹீரோ என்பவர் கடைசிவரை அதே பண்ணையில் இருக்கிறவர். பயணப்படி பில் இன்னும் பாஸாகாதவர். மகளுக்கு வரன் பார்க்கிறவர். இடமாற்ற உத்தரவு எப்போது வரும் என்று தெரியாமல், ஏழு வருஷத்தில் பலன் தரப்போகிற வேலையைச் செய்கிறவர்.

அவர் பெயர் நெல்லுக்கு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். நம் நாட்டில் நெல்லுக்குப் பதவியின் பெயர் வைப்பார்கள். 1921-ல் கோயம்புத்தூரில் வெளியிட்ட ஒரு அருமையான சம்பா ரகத்துக்கு ஜி.இ.பி.24 என்று பெயர். கவர்ன்மென்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட், அதாவது அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்கிற நாற்காலியின் முதலெழுத்துகள். வயலில் தானாக மாறி நின்ற செடி ஒன்றிலிருந்து எடுத்தது. ஜனங்கள் அதை வாயில் வைத்துப் பார்த்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, கிச்சிலிச் சம்பா என்று கூப்பிட்டார்கள். இந்த நெல்லை மறந்துவிடாதீர்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும். நாவலில் ஒரு அத்தை கதாபாத்திரம் வேண்டுமென்றால் இதையே வைத்துக்கொள்ளலாம்: எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முன்வரிசையில் இருக்கும்.

இனி ஆய்வுக்கூடக் காட்சி. கம்ப்யூட்டர், சிவப்பு விளக்கு, சைரன் எதுவும் வேண்டாம். ஒரு மண் தொட்டியில் நெற்பயிர். எதிரே ஸ்டூல். ஸ்டூலில் நம் ஆள். கையில் சின்னக் கத்தரிக்கோல், ஒரு இடுக்கி. நெல்லின் பூ என்பது உமிக்குள் இருப்பது. ஒவ்வொரு பூவும் ஒரு நெல்மணி அளவுதான். சாயங்காலமாகப் பார்த்து ஒவ்வொரு பூவின் நுனியையும் சாய்வாக நறுக்கவேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆறு மகரந்தப் பைகள், மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாக. ஆறையும் உடையாமல் இடுக்கியால் எடுக்கவேண்டும். ஐந்து எடுத்துவிட்டு ஒன்றை மறந்தால் அந்தப் பூ தன்னைத்தானே கல்யாணம் செய்துகொள்ளும்; ஏழு வருஷக் கணக்கு அன்றே பிசகும். கதிருக்குக் காகித உறை மாட்டி, காலையில் ஒன்பது பத்து மணிக்கு மாப்பிள்ளைச் செடியின் கதிரைக் கொண்டுவந்து, உறையைத் திறந்து, மேலே தட்டவேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. தும்மக் கூடாது. ஒரு கதிருக்கு இவ்வளவு பாடுபட்டால் பத்து விதை, இருபது விதை தேறும். இதை 700 தடவை.

இந்தக் காட்சியை நான் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் படித்துவிட்டு, "சார், இந்த இடத்தில் ஒரு லேசர் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். நல்ல மனிதர். அவருக்கும் சர்க்குலேஷன் கவலை.

உங்கள் உச்சக்கட்டத்துக்கு இப்போது வருவோம். ஒட்டுவிதையை நட்டாயிற்று. முளைத்தது. வளர்ந்தது. அப்பாவையும் அம்மாவையும் மிஞ்சி, கருகருவென்று, தூர் கட்டி, பக்கத்துப் பாத்தியைக் கேலி செய்வதுபோல நிற்கிறது. பெரிய அதிகாரி வந்தால் இந்தப் பாத்திக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பூத்தும் விட்டது. இன்னும் பத்து நாளில் பால் கட்டவேண்டும். பத்து நாள் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. பக்கத்துப் பாத்தியில் சாதாரண நெல் தலையைத் தொங்கப் போட ஆரம்பிக்கிறது. இது மட்டும் நிமிர்ந்தே நிற்கிறது.

அங்கே வசனம் எழுதாதீர்கள். நம் ஆள் குனிந்து ஒரு மணியை விரல் நகத்தால் நசுக்கட்டும். பால் வராது. இன்னொன்று. அதுவும் காற்று. கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினால் முக்கால்வாசி பறந்துவிடும். பதர். நாற்றுவிட்டு அறுத்த எந்த டெல்டாக்காரனும் நிமிர்ந்த கதிரைத் தூரத்திலிருந்தே பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்வான். கட்டக்கில் வருஷாவருஷம் பாத்தி பாத்தியாக அதைத்தான் பார்த்தார்கள். இண்டிகாவும் ஜப்பானிகாவும் ஆயிரக்கணக்கான வருஷம் தனித்தனியே குடித்தனம் நடத்தியவை. இரண்டின் மரபணுக்களும் ஒரு செடிக்குள் சந்திக்கும்போது மகரந்தமும் சூலும் பாதி வழியில் செத்துப்போகின்றன. இந்த மலட்டுத்தன்மையை ஜப்பானியர்கள் 1928-லேயே எழுதிவைத்திருந்தார்கள். அதைத் தாண்டிப் போக ஒரு நடுவாள் மரபணு உண்டென்று ஜப்பானிய ஆய்வாளர் இகெஹாஷி சொன்னது 1980-களில். கட்டக்குக்காரர்களுக்கு முப்பது வருஷம் லேட். நாவலில் கால இயந்திரம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இந்த முப்பது வருஷத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சரி, பதர்தான் என்று நாவலை இங்கே முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்காதீர்கள். தோல்வியில் முடிகிற நாவலை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஏமாற்றம் ஜெயித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஆடுதுறைக்கு வாருங்கள்.

ஆடுதுறை பண்ணை 1922-லிருந்து இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்தால் அந்தப் பக்கத்து வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். கட்டக்கு ஒட்டுகளில் ஒன்றை இங்கே வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பதரைத் தள்ளி மணி பிடித்த செடிகளை மட்டும் பொறுக்கி, 1960-களின் நடுவில் ஒரு ரகம் வெளியிட்டார்கள். ஆடுதுறை 27. பெற்றோரில் ஒருவர் ஜப்பான்காரர், நோரின் 10. இன்னொருவர் நம் அத்தை, ஜி.இ.பி.24. உலகத்துக் கோதுமையைக் குட்டையாக்கிய ஜப்பானியக் கோதுமை ஒன்றுக்கும் நோரின் 10 என்றே பெயர்; நோரின் என்பது அந்த ஊர் வேளாண் வனத்துறையின் பெயர்ச்சுருக்கம், நெல்லுக்கும் கோதுமைக்கும் அதே முத்திரையைத்தான் குத்துவார்கள். இரட்டை வேடம் கதையில் வேண்டும் என்றால் இதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் வாசகர் குழம்பிப்போய்க் கடிதம் போடுவார்.

இந்த இடத்தில் நாவலின் வேகத்தைக் கூட்டுங்கள். 1960-61-ல் இந்தியாவில் தீவிர விவசாயத் திட்டத்துக்கு முதலில் எடுத்த ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூர் ஒன்று. ஜனங்கள் அதைப் பேக்கேஜ் திட்டம் என்றார்கள். ஃபோர்டு பவுண்டேஷன் ஆலோசகர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். உரம் வந்தது, கடன் வந்தது, விதை வந்தது. ஆடுதுறை 27-க்கு 105 நாள் போதும். குறுவை என்கிற குறுகிய பருவத்துக்கென்றே அளந்து தைத்தது மாதிரி. கண்டுமுதல் கூடியது. உங்கள் கதாநாயகனுக்கு இந்த ஒரு அத்தியாயத்திலாவது சந்தோஷம் கொடுங்கள். சம்சாரத்துக்கு ஒரு புடவை எடுக்கட்டும்.

அப்புறம் வில்லனை இறக்குங்கள். வில்லன் மழை.

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், நாற்றுவிட்டு நட்டு, குறுவை அறுப்பு செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்று வரும். வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் வரும். அணை பத்து நாள் தாமதமாகத் திறந்தால் அறுப்பும் மழையும் ஒரே நாளில் வந்து இறங்கும். உரம் குடித்த பயிர் சாயும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் மணியிலேயே முளைவிடும். பழைய காலத்தில் குறுவை கொஞ்சம், சம்பா நிறைய. இப்போது குறுவையிலேயே மலைமலையாக நெல் விளைகிறது, எல்லாம் ஈரமாக. கண்டுபிடிப்பாளர் நெல்லை அதிகமாக்கிவிட்டார். வெயிலை அதிகமாக்க மறந்துவிட்டார். ஈர நெல்லை என்ன செய்வது என்று பார்ப்பதற்கே 1967-ல் திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டி ஒரு ஆய்வுக்கூடம் தொடங்க வேண்டியதாயிற்று. அது வளர்ந்து தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இப்போது நிற்கிறது. ஒரு கண்டுபிடிப்பின் ஏமாற்றத்துக்குக் காம்பவுண்டு சுவரும் கேன்டீனும் உள்ள நினைவுச்சின்னம் வேறெங்கும் இருக்குமா, தெரியவில்லை.

ஈரம் என்றால் என்ன என்று கான்வென்ட் வாசகருக்குக் காட்டவேண்டும். எங்கள் பெரியப்பாவைக் காட்டுங்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும். ஒவ்வொரு மழைக்கும் இதை 22 ஆக்கக் கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும். டெல்லியிலிருந்து குழு வரும். குழு நெல்லை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். அதற்குள் நெல் முளைத்திருக்கும். பெரியப்பா ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயப்போடுவார். சுற்றிலும் கருங்கல் வரிசை, பஸ்காரனுக்கு எச்சரிக்கை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலை நெல்லில் இழுத்து இழுத்து நடப்பார். உழுதாற்போல் கோடுகள் விழும், அடியில் இருப்பது மேலே வரும். கோடு முடிந்த இடத்தில் திரும்பி அடுத்த கோடு. மதியம் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைப்பார்.

"இன்னும் நசுங்குது. நறுக்குன்னு உடையணும்டா."

"மீட்டர்ல பாத்தாத்தான் தெரியும் பெரியப்பா."

"மீட்டரு அவனுக்கு. பல்லு எனக்கு."

நாலு மணிக்கு வானம் கறுக்கும். படுதாவைத் தேடி ஓடவேண்டும். அத்தியாயத்தை அந்த ஓட்டத்தில் வெட்டிவிடுங்கள்.

அடுத்து வெளிநாட்டு நட்சத்திரம். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966 நவம்பர் 28-ல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. 1962-ல் போட்ட 38 ஒட்டுகளில் எட்டாவது. இந்தோனேசியாவின் பேட்டாவுக்கும் தைவானின் ஒரு குட்டை ரகத்துக்கும் பிறந்தது. 700 ஒட்டு போட்டவர்களின் வயிற்றெரிச்சலை ஒரு பாராவில் எழுதலாம். உரம் போடப்போட வாங்கிக்கொண்டு சாயாமல் நின்றது. உலகம் அதிசய நெல் என்றது. இதுதான் அவர்கள் கட்டக்கில் தேடியது. ஜப்பானிகா துணையில்லாமலே, குட்டை இண்டிகாவில் கிடைத்துவிட்டது.

அதிசய நெல்லை நம் ஊர் எப்படி வரவேற்றது என்பதை அடுக்களையில் வைத்து எழுதுங்கள். அரிசி நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. மில்லில் போட்டால் உடைந்து நொய்யாகும். வடித்த சூட்டில் சாப்பிட்டால் பரவாயில்லை. ஆறினால் கட்டி. எங்கள் அப்பாயி கதையைச் சொன்னால் போதும்: ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் கைவிட்டுப் பிசைந்து பார்த்துவிட்டு, "இதுக்குத் தண்ணி ஊத்தினாலும் ரோஷம் போவல" என்றாளாம். பழையது ஆகாத அரிசியை டெல்டாவில் எவன் அதிசயம் என்று சொல்வான்? இரண்டாவது புகார் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தது. ஆள் உயரம் வளர்ந்த பழைய சம்பா மாட்டுக்குத் தீனியும் கொட்டகைக்குக் கூரையும் கொடுத்தது. இடுப்பு உயரப் பயிரில் வைக்கோல்போர் எங்கிருந்து வரும்? ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று எழுதிய அறிக்கையில் வைக்கோலுக்குக் கட்டம் போடவில்லை. விஞ்ஞானியைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கொடுத்த படிவம் அப்படி. உங்கள் நாவலின் மூல ரகசியம் இந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. அதைக் கதாநாயகனின் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை மாட்டுக்காரப் பையனிடம் கொடுங்கள்.

1969-ல் வந்த ஐ.ஆர்.20 கொஞ்சம் பரவாயில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. சம்பா, தாளடிப் பருவங்களுக்கு வயலெல்லாம் அதுதான் என்கிற காலம் ஒன்று இருந்தது. அதன் பூர்வீகத்தைத் தோண்டினால் திரூர்க்குப்பத்து டி.கே.எம்.6 வருகிறது. அதைத் தோண்டினால் ஜி.இ.பி.24. அத்தை அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிடுங்கள். கண்டுமுதல் கூடியபோது, அறுத்துக் கட்டிச் சுமந்தவர்கள் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். எதையும் விளைச்சல் கணக்கோடு மட்டும் முடிச்சுப்போட்டுவிட முடியாது. சாதியும் நிலமும் சங்கமும் அதில் இருக்கின்றன. ஆனால் அந்த வருஷத்து டெல்டாவில் நாவல் நடக்கும்போது அந்தப் பக்கமே திரும்பாமல் எழுதினால் நீங்கள் எழுதுவது நாவலல்ல, உரக்கம்பெனி காலண்டர். இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார், அதற்கு 1977-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அறிவியல் கதை எழுதுகிறவன் அங்கே என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என்னுடைய இரண்டாவது பிரதி நாற்பதாம் பக்கத்தில் நின்றது அதனால்தான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் தந்த உந்துதலில், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், நூற்றுக்கும் மேலான பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்துவிட்டு 2018-ல் போய்ச் சேர்ந்தார். பெரிய காரியம். ஆனால் நாவலின் கடைசியில் விஞ்ஞானி மனம் திருந்தி மாப்பிள்ளைச் சம்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுவதாக எழுதினால் கைதட்டல் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டான். குறுவையில் கடன் வாங்கி உரம் போட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்தவனும் அதே ஊரில்தான் இருக்கிறான்.

இப்போது, இருநூறாம் பக்கம்வரை மடியில் கட்டிவைத்திருந்ததை அவிழ்க்கலாம். நாலில் ஒன்று மாசூரி என்று சொன்னேன் அல்லவா? கட்டக்கில் ஒட்டுப்போட்ட விதை மலேசியாவுக்குப் போயிற்று. அங்கே பொறுக்கி எடுத்து, 1965-ல் மாசூரி என்று வெளியிட்டார்கள். அந்த மாசூரி கப்பலேறித் திரும்பி வந்தது. ஆந்திராவில் பரவியது. தமிழ்நாட்டுக்கும் வந்தது. சன்னமான அரிசி, மிருதுவான சோறு, ஆறினாலும் கெடுதியில்லை. பயிர் உயரம், சாயத்தான் செய்யும். இருந்தாலும் ஜனங்கள் விடவில்லை. 1986-ல் அதிலிருந்து தேர்ந்தெடுத்து வெள்ளைப் பொன்னி என்று வெளியிட்டார்கள். அதே வருஷம் ஆந்திராவின் பாபட்லாவில் மாசூரியை வைத்து இன்னொரு ஒட்டு, பி.பி.டி.5204, நம் கடைகளில் ஆந்திரா பொன்னி. அதன் ஜாதகத்திலும் ஜி.இ.பி.24 இருக்கிறது, இனி ஆச்சரியப்படமாட்டீர்கள்.

ஆக, கட்டக்கில் 700 தடவை இடுக்கி பிடித்து, பாத்தி பாத்தியாகப் பதரை ஊதிப் பார்த்தவர்களுக்குத் திட்டம் முடிந்தபோது கையில் ஒன்றுமில்லை. அவர்கள் தள்ளிவிட்ட பிள்ளை வெளிநாடு போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வந்து, இன்னொரு தடவை பெயர் மாற்றி, காவிரியின் பெயரையே வாங்கிக்கொண்டு நம் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. மதியம் நீங்கள் சாப்பிட்டது அதுவாகவே இருக்கலாம். இதை ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வசனமாகப் போடாதீர்கள். அரிசிக்கடையில் சாக்கின் மேல் சாக்பீஸால் "பொன்னி, பழசு" என்று எழுதிய தகர அட்டை செருகியிருக்கும். நம் ஆள், ரிட்டையரானவர், பையோடு வந்து கிலோ என்ன விலை என்று கேட்கட்டும். இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லட்டும். கடைக்காரன் மாட்டேன் என்பான்.

எழுதி முடித்ததும் டெல்டாவில் யாராவது ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். மூன்றாவது பிரதியின் முதல் நாற்பது பக்கத்தைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். நாலு நாள் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லாத்தான் இருக்கு. ஏக்கருக்கு எத்தனை மூட்டைன்னு எங்கயும் போடலியே?" என்றார். அதைச் சேர்த்தேன்.

அட்டைப்படம் பற்றி ஒரு வார்த்தை. ராக்கெட் வேண்டாம் என்று சொல்லிப்பாருங்கள். எழுத்தில் கொடுங்கள். போனிலும் சொல்லுங்கள். தெரிந்த பதிப்பாளர் ஒருவர் நாவல் வருவதற்கு முன்னாலேயே ஆர்வத்தில் ஓவியரிடம் சொல்லி ஒரு மாதிரி அட்டை அனுப்பினார்: பச்சை வயல், நடுவில் வெள்ளியில் ஒரு ராக்கெட், அடியில் நெருப்பு. பெரியப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு போனை எட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அறுவடை மிஷினா?"

நான் பதில் சொல்லவில்லை.

"பெல்ட் வண்டியா, டயர் வண்டியா? ஈரத்துல டயர் வண்டி எறங்காதுடா."